ஆறு கொண்டுபோன சிப்பிமேடு

நீக்கிலாசுக்கு இடுப்பில் நாரி பிடித்து மூன்று நாளாகிவிட்டது. பாயிலிருந்து எழும்புவதென்றால் முதலில் வலப்பக்கம் உருள வேண்டும், பிறகு முழங்கையை ஊன்ற வேண்டும், பிறகு மனைவி செலீனாவைக் கூப்பிட வேண்டும். செலீனா வந்து கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, மீன்பெட்டி தூக்குவதுபோல ஒரே இழுப்பில் நிமிர்த்திவிடுவாள். நிமிர்ந்துவிட்டால் மனிசனுக்கு ஒரு குறையுமில்லை. குனிவதுதான் முடியாது. மேசன் வேலை என்பது குனிகிற வேலை.

முப்பத்தெட்டு வருடம் குனிந்தாயிற்று. அதில் இருபது வருடம் மண்டபம் அகதி முகாமில் இருந்துகொண்டு இராமநாதபுரத்துச் சனத்தின் வீடுகளுக்காகக் குனிந்தது. இப்போது அவருக்கு வேண்டியது உட்கார ஒரு கதிரை. அந்தக் கதிரையும் ஏறக்குறைய கிடைத்த மாதிரித்தான். கந்தோர் என்று சொல்லுகிற பழைய அலுவலகக் கட்டடத்தைத் திருத்தி முடித்த பிறகு அதைக் காவல் காக்க ஒரு வாச்சர் போடுவார்கள், அது நீக்கிலாஸ்தான் என்று அதைத் திருத்துகிற திட்டத்தின் பணிப்பாளர் எட்வேட் சேர் தன் வாயால் சொல்லியிருந்தார். மாதச் சம்பளம், சீருடை, ஒரு விசில். வேலை என்னவென்றால் இருப்பது. ஆடு வந்தால் துரத்துவது.

பாலையடித்துறை, அருவியாறு கடலில் விழுகிற இடத்திலிருக்கிற ஊர். ஒரு வேதக்கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், ஆற்றங்கரையில் இந்தக் கந்தோர். ஒல்லாந்தன் அத்திவாரம் போட்டான். இங்கிலீஸ்காரன் அதன்மேல் மாடி கட்டி, முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கிருந்து கடலைப் பார்த்தான். ஆமிக்காரன் உள்ளே பங்கர் வெட்டினான். சண்டை ஓய்ந்து திரும்பி வந்த சனம் கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டு போனது. அவரவர் தங்களுக்கு வேண்டியதைச் செய்தார்கள். கடைசியாக ஆற்றங்கரை மரபுரிமைத் திட்டம் என்று ஒன்று வந்து, எல்லாவற்றையும் முன்பிருந்தபடி கட்ட வேண்டும் என்றது.

முன்பிருந்தபடி என்றால் சீமெந்து கூடாது. சிப்பிச் சுண்ணாம்பு வேண்டும். முதலில் வெளியிலிருந்து பையில் அடைத்த சுண்ணாம்பு வந்தது. அதைக் குழைத்துப் பூசிய சுவர் ஐந்தாம் நாள் பொருக்கு விட்டது. ஒரு நேரம் உப்புக்காற்று அடித்தால் மாவாய்க் கொட்டியது. வேலை நின்றது. வேலை நின்றால் கதிரையும் நிற்கும் என்பது நீக்கிலாசுக்குத் தெரியும்.

"நான் சுட்டுத் தாறன்" என்றார்.

அவருடைய தகப்பன் சுண்ணாம்பு சுட்டவர். நீக்கிலாஸ் கந்தோருக்குப் பின்னால் வட்டமாக ஒரு போறணை கட்டி, பனங்குற்றியும் சிப்பியும் மாறி மாறி அடுக்கி நெருப்பு வைத்தார். இரண்டு நாள் எரிந்தது. ஆறவிட்டுத் தண்ணீர் தெளித்தபோது சிப்பி பொரிந்து பூத்து மல்லிகைப்பூப்போல உதிர்ந்தது. அந்தச் சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, இரண்டு கிழமை புளிக்கவைத்துப் பூசினார். ஆணி அடித்தால் ஆணி வளைந்தது. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு ஒரு துண்டை அனுப்பினார்கள். பழைய சாந்தும் புதிய சாந்தும் ஒன்றேதான், வித்தியாசம் காணமுடியவில்லை என்று பதில் வந்தது. திட்டத்தின் தொல்லியல் உத்தியோகத்தர் மதுஷிகா மிஸ் அந்தக் கடிதத்தை வேலைக்காரர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். வவுனியாப் பிள்ளை, இருபத்தெட்டு வயது, வெயிலுக்குத் தொப்பியும் அதற்குமேல் குடையும் பிடிப்பாள்.

"ஐயா, உங்கட கையில இருக்கிறது விஞ்ஞானம்" என்றாள்.

நீக்கிலாஸ் தன் கையைப் பார்த்தார். சுண்ணாம்பு தின்று விரல்களுக்கிடையில் தோல் உரிந்திருந்தது.

சிப்பி எங்கேயிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அதில் என்ன இருக்கிறது? கந்தோருக்குத் தெற்கே, ஆற்றுக் கரையோடு, சிப்பிமேடு என்று ஒன்று கிடந்தது. முத்துக்குளித்த காலத்தில் முத்தை எடுத்துக்கொண்டு எறிந்த சிப்பி. உடைமரமும் விடத்தலும் அதன்மேல் மூடி வளர்ந்திருந்தன. சனம் மீன்குடலும் பழைய வலையும் போத்தலும் கொண்டுபோய்க் கொட்டும். பேருந்தில் வருகிற எவனும் அதைக் குப்பையென்றுதான் சொல்வான். நீக்கிலாசின் கூட்டாளி ஹலீம் தன் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தான். மூன்று மாதத்தில் அதன் இழுவைப்பெட்டியால் ஏழு பெட்டி ஏற்றி இறக்கினார்கள். ஏழாவது பெட்டிக்குப் பிறகு அந்த இடத்தில் ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சுவர் மாடிவரை எழும்பியது. வைகாசி மாதம், மதுஷிகா மிஸ் நீளக் குழாய் ஒன்றுக்குள்ளிருந்து பழைய படம் ஒன்றின் பிரதியை எடுத்து, மிஞ்சிக் கிடந்த சுண்ணாம்புப் பைகளின்மேல் விரித்தாள். யாரோ துரை மையால் கீறிய படம். கந்தோர், ஆறு, கொட்டில்கள், கொட்டில்களுக்குப் பக்கத்தில் மலைபோல ஒன்று.

"ஐயா, இரண்டாம் கட்ட வேலைக்கு இதுதான் முக்கியம். இந்தக் கரையில மிஞ்சியிருக்கிற ஒரே சிப்பிமேடு. கட்டடத்தைவிட இதுக்குத்தான் வெளிநாட்டில இருந்து ஆக்கள் வரப்போகினம். அடுக்கடுக்கா வெட்டிப் பார்த்தா எந்த வருசம் எவ்வளவு சிப்பி எடுத்தவையள் எண்டு சொல்லலாம். எங்க ஐயா இருக்கு இது?"

நீக்கிலாசின் நாரிக்குள் யாரோ உளி வைத்துத் தட்டினார்கள்.

"எது மிஸ்?"

"மேடு ஐயா. தெற்கால."

இருவரும் நடந்து போனார்கள். குடை முன்னால், நீக்கிலாஸ் பின்னால். உடைமரத்தைத் தாண்டியதும் வெறும் நிலம். பல்லுப் பிடுங்கிய ஈறுபோல மெத்தென்று கிடந்தது. அங்கங்கே சிப்பி நொறுங்கல். ஓர் ஆடு நின்று இருவரையும் பார்த்தது. மதுஷிகா மிஸ் படத்தைத் திருப்பிப் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டம் ஆளை நிறுத்தும், கதிரை வேறொருவனுக்குப் போகும். முப்பத்தெட்டு வருடம் குனிந்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்:

"போன மாரிக்குப் பெருவெள்ளமெல்லோ மிஸ். ஆறு கொண்டு போட்டுது."

"முழுசாவா?"

"ஆறு அரைகுறையாச் செய்யாது மிஸ்."

அவள் படத்தைச் சுருட்டினாள். பிறகு கொப்பியை எடுத்து எழுதினாள். அவளுடைய கண் கலங்கியிருந்ததை நீக்கிலாஸ் கண்டார். ஆட்டைத் துரத்துகிற சாட்டில் அப்பால் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ஹலீம் தேத்தண்ணி குடிக்க வந்தான். நீக்கிலாஸ் நடந்ததைச் சொன்னார். ஹலீம் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணே, போன மாரிக்கு வெள்ளம் வந்தது நாலு விரல். ஆத்தங்கரையில அடக்கின எங்கட வாப்பாட கபுறடிக்குக்கூட வரயில்ல."

"மிஸ் போன மாரிக்கு இஞ்ச இல்லைத்தானே."

"ஆறு இருந்திச்சே."

செலீனா குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லுறதெண்டாலும் ஆரும் ஒரு மனிசரிலை சொல்லியிருக்கலாம்" என்றாள். "மனிசரெண்டா மறுத்தாலும் பாதிச் சனம் நம்பாது. ஆத்திலை போய்ச் சொல்லியிருக்கிறார். ஆறு அங்கேயேதான் கிடக்கும், போய் அளப்பினம்."

"ஆர் அளக்கப் போகினம்?"

"உங்களைப்போலை விசரர் திட்டத்திலையும் இருப்பினமெல்லே. அவை அளப்பினம்."

செலீனா சொன்னது பத்தாம் நாள் பலித்தது. எட்வேட் சேர் வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கினார். கூடவே ஆற்றைப் பற்றித் தெரிந்த ஒரு பொறியியலாளர், முக்காலி, சிவப்புக் கோல் பிடிக்க இரண்டு பேர். மதுஷிகா மிஸ்ஸின் அறிக்கையைக் கண்டு திட்டக்காரர் எல்லாருமே பயந்துபோயிருந்தார்கள். அத்தனை பெரிய மேட்டை ஒரே மாரியில் தின்னுகிற ஆறு, பக்கத்திலிருக்கிற கட்டடத்தை எத்தனை மாரியில் தின்னும்? அதுதான் கேள்வி. பொறியியலாளர் கடதாசியில் கணக்குப் போட்டார். மூன்று, கூடினால் நாலு என்றார்.

மதியத்துக்கு எட்வேட் சேர் வேலைக்காரர்களைக் கூப்பிட்டார். சுவர் நிழலில் எல்லாரும் குந்தினார்கள். நீக்கிலாஸ் குந்த முடியாமல் நின்றார்.

"இஞ்ச பாருங்கோ" என்றார் எட்வேட் சேர். "ஆத்துக்குள்ள போகப்போற கட்டடத்துக்கு மேற்கொண்டு காசு விட ஏலாது. வேலையை இண்டையோட நிப்பாட்டுறம். மிச்சக் காசு வேற ஊருக்குப் போகும். இது எனக்கும் கவலைதான்."

"சேர், அந்த வாச்சர் வேலை?" என்று நீக்கிலாஸ் கேட்டார்.

"எதைக் காவல் காக்கிறது ஐயா? ஆத்தையா?"

குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் நீக்கிலாஸ் எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டார். பொய்யைச் சொன்னது கதிரைக்காக. இப்போது பொய் இருக்கிறது, கதிரை இல்லை. இந்தப் பொய்யை இனி வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதோடு, இருபத்திரண்டு பேர் நாளைக்குக் கூலிக்குப் போக இடமில்லாமல் நிற்கிறார்கள்.

"சேர், ஆறு ஒண்டும் செய்யேல்லை."

"என்ன?"

"ஆறு தன்ர பாட்டிலை போகுது சேர். மேட்டை நான்தான் எடுத்தனான்."

"எடுத்து?"

"சுட்டனான்."

எட்வேட் சேர் மதுஷிகா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் நீக்கிலாசைப் பார்த்தாள். பொறியியலாளர் தன் கணக்குக் கடதாசியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சுட்டு என்ன செய்தனீங்கள்?" என்று மிஸ் கேட்டாள்.

நீக்கிலாஸ் மேசன் கரண்டிக் காம்பால் சுவரின் மூலையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சின்னச் சில்லு விழுந்தது. குனிந்து எடுக்க முடியாததால் பக்கத்திலிருந்தவன் எடுத்துக் கொடுத்தான். சாந்துக்கு நடுவில், சரியாக வேகாத ஒரு சிப்பித் துண்டு, நகத்தளவு, உள்பக்கம் இன்னும் மினுங்கியது. அதை மிஸ்ஸின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் மிஸ் மேடு. தெற்குச் சுவர் முழுக்க, மேற்கிலை ஜன்னல் மட்டத்துக்கு. ஒரு சிரட்டை வீணாக்கேல்லை."

"இருநூறு வருசம் ஐயா! இருநூறு வருசம் அது அங்க கிடந்தது!"

"அதுதான் மிஸ் நல்லாக் காய்ஞ்சிருந்தது."

இதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. ஈரச் சிப்பி போறணையில் வெடிக்கும். எந்தச் சுண்ணாம்புக்காரனும் பழைய சிப்பியைத்தான் தேடுவான். ஆனால் மதுஷிகா மிஸ் குடையைச் சுருக்கிக்கொண்டு வாகனத்துக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

எட்வேட் சேர் சுவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உடைக்கச் சொல்ல முடியாது, சுவர் நல்ல சுவர். பொலிசுக்குப் போகலாம். போனால், சிப்பிச் சுண்ணாம்புதான் வேண்டுமென்று எழுதியது யார், சிப்பி எங்கிருந்து வருகிறதென்று பார்க்காமல் கையெழுத்து வைத்தது யார் என்ற கேள்விகளும் கூடப் போகும். அந்தக் கையெழுத்து அவருடையது. நடந்து முடிந்து நீக்கிலாசுக்கு முன்னால் வந்து நின்றார்.

"வேலை நடக்கட்டும். ஆனா ஐயா, மேடு இருந்த இடத்தில மேடு இருக்கோணும். எவ்வளவு எடுத்தனீங்களோ அவ்வளவும் அங்க வரோணும். வந்தபிறகு வாச்சர் வேலையைப் பற்றிக் கதைப்பம்."

"சிப்பிக்கு எங்க சேர் போறது? முத்துக்குளிப்பு நிண்டு எத்தினை காலம்!"

"எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வைக்கவும் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு அவர் வாகனத்தில் ஏறினார்.

சிப்பி எங்கே கிடக்கிறதென்று நீக்கிலாசுக்குத் தெரியாமலில்லை. அது ஊர் முழுக்கக் கிடந்தது. முகாமிலிருந்து திரும்பிய வருடம் மாரி பிந்திப் பெய்து, வளவெல்லாம் களியாய்க் கிடந்தபோது, சனம் கூடை கூடையாக மேட்டிலிருந்து அள்ளிவந்து முற்றத்தில் பரவியது. அந்த நேரம் மேடு இரண்டாள் உயரம். நீக்கிலாஸ் ஏற்றியது எல்லாரும் அள்ளிய மிச்சத்தைத்தான். இதை அவர் எட்வேட் சேருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் முழுவதற்கும் கடிதம் வந்திருக்கும்.

அடுத்த நாள் சிப்பியை அரித்தெடுக்க அரிதட்டும் சாக்குமாக வீடு வீடாக இறங்கினார். மதுஷிகா மிஸ்ஸும் வந்தாள். அவருடன் கதைக்கவில்லை. ஒரு கிழமை கழித்து, கதைக்காமல் வேலை செய்ய ஏலாதென்று கண்டு, கதைத்தாள். முற்றத்தில் பரவிய சிப்பியும் அதே மேட்டின் சிப்பிதான், இடம் மாறினாலும் அது அதுதான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் கண்டுபிடித்திருந்தாள். எந்த வீட்டிலிருந்து எத்தனை சாக்கு வந்ததென்று எழுதிக்கொண்டாள். அடுக்கடுக்காய் வெட்டிப் பார்க்க இனி ஒன்றுமில்லை என்பதை மட்டும் அவள் மறக்கவில்லை, மறக்கவிடவுமில்லை.

ஹலீமின் மனைவி முஸ்பிரா வாசலிலேயே மறித்தாள்.

"இதை அள்ளிட்டுப் போனா மாரிக்கு எங்கட முத்தத்தில புள்ளையள் எப்பிடி நடக்கிற? பறந்தா?"

"ஆத்து மணல் தாறன் தங்கச்சி. ஒரு சாக்குக்கு ஒரு சாக்கு."

"ரெண்டு சாக்கு. மணல் தாழும், சிப்பி தாழாது. மேசன் உங்களுக்குத் தெரியாததா?"

இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது. மறுநாளே அந்த விலை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. கோயிலில் சுவாமியார் சுற்றுப்பிரகாரப் பாதையிலிருந்து ஆறு சாக்கு தந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் கூட்டம் போட்டுத்தான் தரலாமென்றது, கூட்டம் இன்னும் போடவில்லை. சிலர் சாக்குக்குள் முந்தாநாள் கறிவைத்த மட்டியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். மதுஷிகா மிஸ் ஒவ்வொன்றாகக் கொட்டிப் பொறுக்கினாள். "இதில மஞ்சள் மணக்குது ஐயா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆவணி முடிவில், பழைய இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு சிப்பிக் கும்பி எழும்பியிருந்தது. ஹலீம் பெட்டிக் கணக்கில் இரண்டரை என்றான். ஊரில் அள்ளக்கூடிய முற்றமெல்லாம் அள்ளியாயிற்று. நானாட்டானில் ஒருவர் வளவில் கிடக்குதாம் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார்கள். அது ஆற்று மட்டி.

"அண்ணே, ஒரு வளவு மட்டும் மிச்சம்" என்றான் ஹலீம், உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு.

"எது?"

"உங்கட. வீட்டுத்திட்டத்தில வீடு கட்டேக்க உள் நிலத்துக்குச் சிப்பி நிரப்பினது ஆர்? நான்தானே ஏத்தி வந்தன். ரெண்டு பெட்டி. மேல சீமெந்து போட்டீங்க."

நீக்கிலாஸ் அதை மறந்திருக்கவில்லை. ஹலீம் மறந்திருப்பானென்று நினைத்திருந்தார். படத்தைக் குழாய்க்குள் சுருட்டிக்கொண்டிருந்த மதுஷிகா மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கொப்பியைத் திறந்து பேனையை எடுத்தாள்.

மூவரும் வீட்டுக்குப் போனபோது செலீனா நிலம் கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்புச் சாயம் போட்டு, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற நிலம். இருபது வருடம் முகாமில் தறப்பாள் கூரைக்குக் கீழே மண்ணில் படுத்தவள் அவள். விசயத்தை ஹலீம்தான் சொன்னான். நீக்கிலாஸ் முற்றத்தில் நின்றார்.

செலீனா தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ், நீங்கள் படிச்ச பிள்ளை. நீங்கள் சொல்லுங்கோ. இந்த நிலத்தை உடைச்சா இவருக்கு அந்த வேலை குடுப்பினமோ?"

"அம்மா, அது சேர்தான் முடிவெடுப்பார். இதை எடுத்தாலும் கணக்குச் சரிவராது. பிறகும் குறையும்."

"அப்ப உடைச்சும் குறையும்."

"ஓம் அம்மா."

"அப்ப உடையாமலே குறையட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மிச்ச நிலத்தைக் கழுவத் தொடங்கினாள். நீக்கிலாஸ் செருப்பைக் கழற்றப் போனார். "ஈரம், உள்ளுக்கு வராதேங்கோ" என்றாள். அவர் வெளியிலேயே நின்றார்.

மதுஷிகா மிஸ் முற்றத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து அன்றைய அறிக்கையை எழுதி முடித்து, பிழையிருந்தால் சொல்லுங்கோ என்று அவருக்கு வாசித்துக் காட்டினாள். எடுத்தது ஏழு பெட்டி. வைத்தது இரண்டரை. மேசன் நீக்கிலாஸ் பாலையடித்துறைச் சிப்பிமேட்டுக்கு இன்னும் நாலரைப் பெட்டிச் சிப்பி கொடுக்க வேண்டும்.

பிழை இல்லை என்று நீக்கிலாஸ் கையெழுத்து வைத்தார்.